கொள்ளுத்தாத்தா எங்கே பிறந்தார்?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. 1972இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறும்போது அப்பாயி, அப்பாவின் அம்மா, கையோடு கொண்டுவந்தது. அதற்குள்ளே தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட், ஒரு குடும்ப அட்டை, தோட்டத்தில் பற்றுச்சீட்டு எழுதிய இரண்டு நோட்டு, அப்புறம் அப்பாவின் பிறப்புப் பத்திரம். அப்பா பிறந்தது 1959இல், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்.

கொஞ்ச நாளைக்கு முன் சித்தப்பா மகன் இந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அயர்லாந்தில் தாத்தாவோ பாட்டியோ பிறந்திருந்தால் பேரன் அந்த நாட்டுக் குடிமகனாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான். அது உண்மைதான். இத்தாலிகூட வெகுகாலம் கொள்ளுத்தாத்தா வரைக்கும் பார்த்துக் குடியுரிமை கொடுத்தது; 2025இல்தான் அதைச் சுருக்கினார்கள். அவன் கேட்ட கேள்வி இது: "அண்ணே, பெரியப்பா, அப்பா எல்லாரும் அங்கதானே பொறந்தாங்க. அப்போ நமக்கும் சிலோன் பிரஜாவுரிமை கேட்டா குடுப்பாங்களா?"

கிடைக்காது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் கிடைக்காது என்று சொல்லப் புகுந்தால் எங்கள் மக்களின் கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று எந்தத் தேயிலைக் காட்டுக்குப் போனாலும் 'சிலோன்காரங்க' என்று ஒரு கூட்டம் இருக்கும். அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. அந்தக் கூட்டத்தில் இன்றைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். காரணம், அது இன்னும் முடியவில்லை.

பெட்டியில் இருக்கிற பிறப்புப் பத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். இலங்கைப் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நம் ஊர்ச் சான்றிதழில் இல்லாத கட்டங்கள் உண்டு. தகப்பனார் பெயர், பிறந்த இடம், இனம் எல்லாம் கேட்ட பிறகு, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கட்டம். தகப்பனார் இலங்கையில் பிறக்காமல் கொள்ளுப்பாட்டனார் அங்கே பிறந்தவராக இருந்தால் அவர் விவரம் என்று இன்னொன்று. அப்பாவின் பத்திரத்தில் இரண்டு கட்டத்திலும் வெறும் கோடு போட்டிருக்கிறது. இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருப்பது 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் நிறைவேற்றி நவம்பர் 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் இலங்கை மண்ணில் பிறந்தவர் என்பது மட்டும் போதாது. அவருடைய தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் இருவருமே அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய்வழி கணக்கிலேயே வராது. வம்சாவளியால் வரும் பிரஜாவுரிமை என்று இதற்குப் பெயர்.

எங்கள் தாத்தா தோட்டத்தில் பிறந்தவர். கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். ஆனால் அவருடைய அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பிறந்தது திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கத்தில். பஞ்சத்துக்குப் பயந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி பின்னால் கண்டிச்சீமைக்கு, இலங்கை மலைநாட்டுக்குப் போனவர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று வறண்ட ஊர்களிலிருந்து போன எத்தனையோ ஆயிரம் பேரைப் போலத்தான். முதலில் காப்பிக் காலம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை போட்ட பிறகு தேயிலைக் காலம். மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய் பார்த்துத்தான் கப்பலேற்றுவார்கள். போகிறவர் யாரும் பிறப்புப் பத்திரம் எடுத்துக்கொண்டு போகவில்லை. அப்படி ஒன்று அவர்களிடம் இருந்ததும் இல்லை.

தோட்டத்திலேயே இரண்டு மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த குடும்பங்களும் இருந்தன. ஆனால் பாட்டன் இங்கே பிறந்தான் என்று காட்டக் காகிதம் இல்லாததால் அவர்களும் இந்தச் சட்டத்தில் வெளியே விழுந்தார்கள். ஏழு லட்சம் பேருக்கு மேல் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு, தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானையும் இன்னும் சிலரையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் இவர்கள். அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இவர்கள் பெயரே இல்லை. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று போட்டு, கல்யாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் விடாமல் இலங்கையில் இருந்ததாகக் காட்டினால் பிரஜாவுரிமை தருவோம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கு மேல் எழுதிப் போட்டார்கள். கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான பேருக்கு. நடுவில் ஒருமுறை ஊரில் அம்மா சாவுக்கு வந்து போனவர்களுக்கெல்லாம் விடாமல் இருந்தாய் என்று எப்படி நிரூபிப்பது?

கடல் இந்தப் பக்கம் வேறு ஒரு கதவு திறந்திருந்தது. இந்திய அரசியலமைப்பின் 8ஆவது பிரிவைப் பலருக்குத் தெரியாது. இந்தியாவுக்கு வெளியே வாழ்கிற இந்திய வம்சாவளியினருக்காக எழுதிய பிரிவு அது. ஒருவரோ, அவருடைய தாய் தந்தையில் ஒருவரோ, தாத்தா பாட்டிகளில் யாராவது ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால் போதும். அவர் இருக்கும் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொண்டால் இந்தியக் குடிமகன். தாய்வழி, தந்தைவழி என்ற பேதம் இல்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவும் இதே போக்கில் பதிவு மூலம் குடியுரிமைக்கு வழி வைத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: உன் கொள்ளுத்தாத்தா எங்கே பிறந்தார்? துறையூர் என்ற ஒரே பதில் அங்கே தாத்தாவை வெளியே தள்ளியது, இங்கே உள்ளே வரலாம் என்றது. பிறந்து வளர்ந்து உழைத்த இடம் எது என்பதை இரண்டு பேரும் கேட்கவில்லை. வம்சாவளிக் குடியுரிமை என்பதன் பலமும் பலவீனமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தூதரகத்தில் போய்ப் பதிய எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அங்கேயே இருக்கத்தான் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையைக் கேட்காமல் ஒப்பந்தம் போட்டார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பங்கு பிரித்தார்கள். 15 ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். அங்கே 4 பேருக்குப் பிரஜாவுரிமை என்றால் இங்கே 7 பேர் கப்பலேற வேண்டும் என்ற விகிதம்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு சொல் வருகிறது: இயற்கைப் பெருக்கம். ஒப்பந்தத் தேதிக்குப் பிறகு பிறக்கிற பிள்ளைகளைக் குறிக்கிற சொல். பெற்றோர் எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம். என் சின்ன அத்தை 1966இல் பிறந்தவர். அரசாங்கக் கணக்கில் அவர் ஒரு இயற்கைப் பெருக்கம். அந்தச் சொல்லை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

விண்ணப்பம் கேட்டபோது இந்தியாவுக்கு வர எழுதிப் போட்டவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். இலங்கைக்கு எழுதியவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். 3 லட்சம் இடத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு பேர். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரின் கதி என்ன என்பதுதான் பின்னால் வரப்போகிற துயரம்.

தாத்தா இந்தியாவுக்கு எழுதினார். தோட்டத்தில் வேலை நாள் குறைந்துவிட்டது, ஊரில் அரசாங்கம் வேலை தருகிறதாம் என்பது அவர் சொன்ன காரணம். தாத்தாவின் தங்கையை மஸ்கெலியாப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் வீட்டுக்காரர் இலங்கைக்கு எழுதினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கொள்ளுத்தாத்தா. இரண்டு விண்ணப்பத்தில் இரண்டு நாடாகப் பிரிந்துபோனார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது அண்ணனும் தங்கையும் அழுத அழுகையை அப்பாயி சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் குடியுரிமை பதிந்து பாஸ்போர்ட் கொடுத்தார்கள். கூடவே குடும்ப அட்டை. கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்து எந்த ஊர் ஒதுக்கினார்களோ அந்த ஊர். இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்து நாலரை லட்சம் பேருக்கு மேல் இப்படி வந்தார்கள். 1984இல் போரால் கப்பல் நின்றது. அதோடு ஒப்பந்தமும் நின்றுபோனது.

நீலகிரிக்கு எங்களை இழுத்து வந்தது தேயிலைதான். இவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் தமிழக அரசு காட்டைத் திருத்தித் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுதான் 1976 முதல் டேன்டீ என்று எல்லோரும் சொல்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், தலைமையிடம் குன்னூர். வேலை கிடைத்தவர்கள் பாடு பரவாயில்லை. கிடைக்காதவர்கள் கூடலூர்ப் பக்கம் கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள். அங்கே ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969ஆம் ஆண்டின் சட்டம் தொட்ட நிலங்கள் வழக்கிலேயே கிடக்க, இன்றுவரை பட்டா இல்லாமல் வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. குடியுரிமை கையில் இருந்தும் காலடி மண் சொந்தமில்லை. தனிக் கட்டுரைக்குரிய விஷயம் அது, இங்கே இதோடு நிறுத்துகிறேன்.

ஆக எங்கள் குடும்பத்துக்குச் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. அப்பா பதிவு மூலம் இந்தியக் குடிமகன். நான் இங்கே பிறந்தவன். இருந்தாலும் அப்பா பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் பிறந்த ஊர் ஹட்டன் என்றதும் ஒரு அலுவலர், "இலங்கை அகதியா?" என்று கேட்டார். பெட்டியிலிருந்த பழைய பாஸ்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் பேச்சு மாறியது. அதற்கே மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது.

இனி தாத்தாவின் தங்கை குடும்பம். அவர் மகனை நான் மாமா என்று கூப்பிடுவேன். 1951இல் தோட்டத்தில் பிறந்தவர். அவர்கள் போட்ட விண்ணப்பத்துக்குக் கடைசி வரை பதில் வரவில்லை. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் லயத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள், அங்கே காடு வெட்டிக் குடியேறினார்கள். 1983க்குப் பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் 1985இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். மண்டபம், அப்புறம் பவானிசாகர் முகாம். கோத்தகிரியிலிருந்து மலையிறங்கினால் மேட்டுப்பாளையம், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பவானிசாகர். அப்பாயி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது: "நம்ம கப்பல்ல வந்தோம், அவுக வள்ளத்துல வந்தாக. அம்புட்டுத்தேன் வித்தியாசம்."

சட்டத்தில் அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கப்பலில் வந்தவர் குடிமகன். வள்ளத்தில் வந்தவர் அகதி. 2003இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, செல்லுபடியாகும் ஆவணமில்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்று வரையறுத்தபோது மாமாவும் அதற்குள் போய்விட்டார். சட்டவிரோதக் குடியேறி என்றால் பதிவு மூலமும் குடியுரிமை கேட்க முடியாது, நீண்டகாலம் வசித்ததைக் காட்டியும் கேட்க முடியாது. உயிருக்குப் பயந்து வள்ளம் ஏறினவர் விசா எங்கே போய் வாங்குவார்?

அந்தத் தடை ஒருபுறம் இருக்கட்டும். வம்சாவளிக் கணக்கே மாமாவுக்கு எட்டாமல் போய்விட்டது. 8ஆவது பிரிவு தாத்தா பாட்டி வரை ஏறிப் போனது என்றேன் அல்லவா, இன்றைய 5ஆவது பிரிவில் அந்த ஏணிக்கு ஒரு படி குறைவு. தானோ, தாய் தந்தையில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால்தான் இந்திய வம்சாவளி. மாமாவின் தாயும் தகப்பனும் இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவருடைய அம்மா உயிரோடு இருந்தால், அவர் அப்பா துறையூர்க்காரர் என்பதால் அவருக்குப் பொருந்தும். மகனுக்குப் பொருந்தாது. எவ்வளவு காலம் முகாமில் கழிகிறதோ அவ்வளவுக்குத் தலைமுறை தள்ளிப்போகிறது, உரிமையும் தேய்கிறது. அகதிக்கு மட்டும் காலம் எதிரியாக வேலை செய்கிறது.

இதைவிட எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. பெரியப்பா மகளை, 1977இல் கோத்தகிரியில் பிறந்த எங்கள் அக்காவை, மாமாவின் மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். முறைதான், உறவு விட்டுப்போகக் கூடாது என்று அப்பாயி நின்று முடித்த கல்யாணம். மச்சான் 9 வயதில் வள்ளத்தில் வந்தவர். அவர்களுக்கு 1999இல் ஒரு பெண், 2007இல் ஒரு பையன். ஒரே அப்பா அம்மா. பெண் இந்தியக் குடிமகள். பையன் இல்லை.

எப்படி என்று கேட்பீர்கள். இந்தியாவில் பிறப்பால் வரும் குடியுரிமைக்கு மூன்று காலக் கணக்கு உண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அக்கா குடிமகள் என்பது 1999க்குப் போதுமானதாக இருந்தது. 2007க்கு மச்சானின் வள்ளம் குறுக்கே வந்து நின்றது. அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியபோது வீட்டில் யாரும் சத்தமாகச் சந்தோஷப்படவில்லை. அடுத்து எந்தப் படிப்புக்கு என்ன காகிதம் கேட்பார்களோ என்ற பயம்.

முகாமில் இருக்கிறவர்களில் பலருக்கே இந்த மூன்று தேதியும் தெரியாது. தெரிந்திருந்தால் சிலர் எப்போதோ வெளியே வந்திருப்பார்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு மறுக்கப்பட்டு, மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே குடிமகள் என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். யாரும் அவருக்குக் குடியுரிமை கொடுக்கவில்லை. பிறந்த அன்றே இருந்ததை 36 வருடம் கழித்து ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1983 முதல் 1987 நடுப்பகுதி வரை முகாம்களில் பிறந்த ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கலாம், கேட்க வேண்டும்.

எங்கள் மாமா போன்றவர்களுக்கான தீர்ப்பு அதற்கு முன்பே, 2019 ஜூனில் வந்தது. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த மலையகத் தமிழர், அதாவது இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் 65 பேர், நாங்கள் இந்திய வம்சாவளி, எங்களைச் சாதாரண அகதிபோலப் பார்க்கக் கூடாது என்று வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்கள் புதிதாக விண்ணப்பம் தரலாம், மாவட்ட ஆட்சியர் அதை மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டுமே எடுத்துக்கொண்டது. இலங்கை அதில் இல்லை. 2025இல் வெளியிட்ட ஒரு விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது ஆவணமின்றி வந்ததற்காகத் தண்டனை நடவடிக்கை எடுப்பதிலிருந்து விலக்குத் தருகிறது. முகாமில் இனிப்புக் கொடுத்தார்கள். தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை உண்டு என்பது வேறு என்று மச்சானுக்கு விளக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, கடலுக்கு அந்தப் பக்கம் என்ன ஆயிற்று? அங்கே மெதுவாக நல்லது நடந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1988இல் ஒரு சிறப்புச் சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டம் இன்னும் தாராளம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்கிற இந்திய வம்சாவளியினரும், இலங்கையில் வாழும் அவர்கள் சந்ததியும் பிரஜைகள். ஒப்பந்தத் தேதியையே எடுத்து உரிமைக்கு அடிப்படையாக்கினார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியும் கப்பலேறாமல் தங்கிவிட்டவர்களுக்கும் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பிரஜாவுரிமை. போருக்காக ஓடி இந்தியாவில் தங்கியிருக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ள 2009இல் திருத்தம் செய்தார்கள். 1948இல் தொடங்கிய அநீதி அந்தத் தீவில் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து ஒருவாறு சரிசெய்யப்பட்டது.

சித்தப்பா மகன் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தச் சட்டங்கள் எல்லாம் அங்கே தங்கினவர்களுக்கும், போரில் ஓடி வந்தவர்களுக்கும். ஒப்பந்தத்தில் வந்து இறங்கி இந்தியக் குடிமக்களாக வாழ்கிற எங்களுக்கு அதில் இடமில்லை. இலங்கையில் பரம்பரையாகக் குடியுரிமை வர வேண்டுமென்றால் பிள்ளை பிறக்கும்போது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். 2003 வரை தகப்பனை மட்டும்தான் பார்த்தார்கள். எங்கள் பெரியப்பாவும் அப்பாவும் சித்தப்பாவும் அங்கே பிறந்தார்கள், ஆனால் ஒரு நாள்கூட அந்த நாட்டுப் பிரஜையாக இருந்ததில்லை. இல்லாத ஒன்றைத் திரும்பக் கேட்க வழியில்லை. அதோடு, இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்வதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும்.

மாமா குடும்பத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிந்து, காகிதம் வாங்கி, திரும்பிப் போன முகாம் குடும்பங்கள் நிறைய உண்டு. அக்காவின் பையன்கூட அப்படிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவர்கள் யாருக்கும் அங்கே போக மனமில்லை. லயம் எரிந்ததைப் பார்த்த கண்கள் அவை. மச்சானுக்குப் பவானிசாகரும் கோத்தகிரியும்தான் ஊர். நாங்கள் அந்தத் தோட்டத்தை ஒருமுறை பார்க்க ஏங்குகிறோம், அவர்கள் இந்த மலையில் ஒரு முகவரிக்கு ஏங்குகிறார்கள்.

இலங்கையில் பிரஜையாக இருக்கிற எங்கள் சொந்தங்களுக்கு இந்தியாவோடு ஒட்டிக்கொள்ள ஒரு வழி உண்டு. கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது இந்தியக் குடிமகனாகும் தகுதி பெற்றிருந்த ஒருவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை அதைக் கேட்கலாம். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் ஓட்டுரிமை கிடையாது. விசா இல்லாமல் வந்து போகலாம், வீடு வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் வாங்க முடியாது. தேயிலைத் தோட்டத்தில் ஐந்து தலைமுறை உழைத்த ஆட்களுக்கு அந்த விதியைப் படித்துச் சொல்லும்போது நாக்கு எழவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது காகிதம். தாத்தா எங்கே பிறந்தார் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள், காட்டத்தான் ஒன்றும் இருப்பதில்லை. அதனால் நீலகிரியில் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். வீடு மாறும்போது, டேன்டீ லயத்தைக் காலி செய்யும்போது, பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்துப் பிறப்புப் பத்திரம், மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு, முதன்முதலில் வேலையில் சேர்ந்த ஆணை எல்லாவற்றையும் படமெடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்து வையுங்கள். பெயர் எழுத்து ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். பெருமாள் ஒன்றில் பெருமால் ஆகியிருப்பார். அதைச் சரிசெய்ய உயிரோடு இருக்கிற பெரியவர் வேண்டும். அவர் போன பிறகு ரொம்பக் கஷ்டம்.

இது பழங்கதை இல்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் உங்கள் பெயர் எங்கே, இல்லையென்றால் பெற்றோரோ தாத்தா பாட்டியோ எங்கே என்று படிவம் கேட்டது. எங்கள் காலனியில் அன்றைக்கு வீட்டுக்கு வீடு பெட்டி இறங்கியது. லயம் விட்டு லயம் மாறினவர்கள், கேரளாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் தவித்த தவிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மறுபடியும் அதே கேள்விதான், உன் ஆட்கள் எங்கே இருந்தார்கள்?

இப்போது மாமாவுக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம், 2019 தீர்ப்பை இணைத்து. அவருடைய அம்மா இன்னார் மகள் என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுகூட இல்லை. எல்லாம் வவுனியாவில் போய்விட்டது. எங்கள் பெட்டியில் இருக்கிற பற்றுச்சீட்டு நோட்டு ஒன்றில் தாத்தா கைப்பட வீட்டு ஆட்கள் பெயரை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அதில் தங்கை பெயரும், அதற்கு மேலே அவர்கள் அப்பா பெயரும், பக்கத்தில் 'துறையூர்த் தாலுகா' என்றும் இருக்கிறது. அரசாங்கம் இதை ஏற்குமா என்று வக்கீலுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கத்தையும், இந்தியத் தமிழர் என்று எழுதிய அப்பாவின் பிறப்புப் பத்திரத்தையும் நகலெடுத்து ஞாயிற்றுக்கிழமை பவானிசாகருக்குக் கொண்டுபோகிறேன். மாமா கையெழுத்துப் போட வேண்டும்.